கவர் பிரிக்க இருபது நிமிடம்

மூன்று மணிக்குக் கவர் பிரிப்பு. இப்போது இரண்டு நாற்பது. செண்பகவல்லி செமினார் அறையின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் கிடந்த பழுப்புக் கவரின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள், விட்டால் எழுந்து ஓடிவிடும் என்பது மாதிரி. எங்கே ஓடும். நாலு மாதமாகக் குழுத் தலைவர் சாம்பசிவம் சாரின் இரும்பு பீரோவுக்குள் கிடந்தது. இன்று மதியம்தான் அவர் அதை வெளியே எடுத்தார். ஒட்டின இடத்தில் தான் போட்ட கையெழுத்து கலையாமல் இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, 'இந்தாம்மா, நீ வச்சது, நீயே பிரி' என்று கொடுத்தார். நான் வைத்ததுதான் சார். ஏசி காற்று நேராக உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது, விரலெல்லாம் விறைத்துவிட்டது, வயிறு மட்டும் கதகதவென்று இருந்தது. காலையிலிருந்து இப்படித்தான். இட்லி இறங்கவில்லை, பசியும் இல்லை. பயமோ என்று உள்ளே துழாவிப் பார்த்தாள், பயம் இல்லை. சந்தோஷம். ஒருத்தன் மண்ணைக் கவ்வப் போகிறான் என்று தெரிந்தால் வருகிற சந்தோஷம், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. முன்னால் கிரிதரன் குனிந்து புரொஜெக்டர் வயரை லேப்டாப்பில் சொருகிக்கொண்டிருந்தான். இளநீலச் சட்டை, புதுசு, மடிப்பு கலையவில்லை. போட்டுக்கொள், நன்றாகப் போட்டுக்கொள். வாயால் கூப்பிடும்போது அவள் 'கிரி சார்' என்பாள், அவன் வந்தால் எழுந்து நின்றுகூடப் பேசுவாள். மனதுக்குள் நாலு வருஷமாக அவன், இவன், அந்தப் பயல். அந்தப் பயல் இங்கே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து வருகிற மாதத்தோடு இரண்டு வருஷம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று கமிட்டி கூடும். இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு பேரில் நாலு பேர் அந்தக் கமிட்டி. அவள் எண்ணிப் பார்த்துவிட்டாள், இரண்டு தடவை.

வெளியாட்களுக்கு இதையெல்லாம் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. அவளுடைய அம்மாவே ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையும் கொதிக்கிற தண்ணீரும் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். குடுவையும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. அமெரிக்காவில் இரண்டு ஊர்களில் நாலு நாலு கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு உள்ளே லேசரை ஓடவிட்டிருக்கிறார்கள். எங்கேயோ எந்தக் காலத்திலோ இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதினால், அந்த அதிர்வு இங்கே வந்து சேரும்போது குழாயின் நீளம் ஒரு புரோட்டானில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். அதைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குள் லாரி போகும், கடலில் அலை அடிக்கும், இடி இடிக்கும், யாராவது ஒரு கதவை அறைந்து சாத்துவார்கள், எல்லாமே குழாயை ஆட்டும். வந்து குவிகிற எண்களில் எது வானம், எது லாரி என்று பிரிப்பதுதான் இங்கே பிஎச்.டி. உன் புரோகிராம் ஓடுவதற்கு முன்னால் வரிசையில் நாற்பது பேரின் புரோகிராம் நிற்கும். உன்னுடையது மூன்று நாள் ஓடி ஒரு காற்புள்ளித் தப்பில் படுத்துவிடும். மறுபடி வரிசை. இப்படி வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறவன் கண்ணுக்கு ஒருநாள் லாரியும் கருந்துளையாகத் தெரியத்தான் செய்யும், மனுஷன்தானே. அதற்குத்தான் இந்தக் குழுவில் கவர். ஒவ்வொரு தேடலும் தொடங்கும் முன்னால் ஒருவர் யாருக்கும் சொல்லாமல் தரவில் ஒரு பொய் சிக்னலைச் சேர்த்துவிடலாம், சேர்க்காமலும் விடலாம். எதைச் செய்தார் என்று எழுதி ஒட்டி சாரிடம் கொடுத்துவிட வேண்டும். எப்படிப்பட்ட பொய் என்பதை அவர் முடிவு செய்யக் கூடாது. ஒரு பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி எடை, தூரம், நேரம் எல்லாம் கொடுக்கும், அதை அப்படியே வைக்க வேண்டும். தேடுகிறவர்கள் தேடி முடித்து, இனி ஒரு எண்ணையும் மாற்றமாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு எல்லார் முன்னாலும் கவரைப் பிரிப்பார்கள். உள்ளே எழுதியிருந்தால் பொய். இல்லாவிட்டால் வானம். அதுவரை வைத்தவர் வாய் திறக்கக் கூடாது, யார் எப்படிக் கேட்டாலும். பழி வாங்க நினைக்கிறவளுக்கு இதைவிட வசதியான சட்டத்தை யாராவது போட்டுக் கொடுப்பார்களா. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருப்பதை அவனிடம்தான் கற்றுக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் சேர்ந்து எட்டாவது மாதம், கவர் வைத்தவன் அவன், அப்போது பிஎச்.டி. முடித்துவிட்டு இங்கேயே ஆராய்ச்சியாளனாக இருந்தான். தேடியவள் அவள். ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்கிரீனில் அந்த வளைவு மேலேறி நின்றது, இரண்டு ஊர்க் குழாயிலும், ஏழு மில்லிசெகண்டு இடைவெளியில், புத்தகத்தில் போட்டிருக்கிற படம் மாதிரியே. அவள் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு அப்பாவுக்கு போன் போட்டாள். சொல்லக் கூடாது, கவர் பிரிக்கும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது, தெரியும், தெரிந்துதான் போட்டாள். அப்பா முத்தையா கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். 'என்ன தாயி சொல்லுத, நெசமாவா? ரெண்டு நட்சத்திரம் முட்டுனது உனக்குக் கேட்டுச்சா?' பின்னால் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நட்சத்திரம் இல்லப்பா, கருந்துளை. 'எல்லாம் ஒண்ணுதான் தாயி.' அன்று சாயங்காலத்துக்குள் அந்த வழித்தடத்தில் டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. பதினொரு நாள். பதினொரு நாளும் கிரிதரன் அவளோடு ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டான். பொய் என்று தெரியும், வைத்தவனே அவன்தானே. தட்டில் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டான், 'வீட்ல சொல்லிட்டியா?' அவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிட்டேன் சார் என்றாள். 'அடடே' என்றான். அந்த அடடே. நாலு வருஷமாக அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறாள், அதில் இரக்கம் இருந்ததா, கேலி இருந்ததா, இல்லை வாயில் சோறு இருந்ததால் வந்த வெறும் சத்தமா என்று. ஒரு கண் ஜாடை காட்டியிருக்கலாம். அவசரப்படாதே என்று ஒரு வார்த்தை. சட்டம் என்பார்கள். சட்டம்தான், ஆனால் சிரிக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறதா. இதே அறையில், இதே மேஜைக்குப் பின்னால் நின்று கவரைப் பிரித்துக் காகிதத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு அவன் சிரித்தான். அவன்தான் முதலில். பிறகு எல்லாரும். 'ஃபீல்டுக்கு வெல்கம், செண்பகா' என்றான், கைதட்டினார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள். அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், பொங்கலுக்குப் போகும்போது நேரில் சொல்லலாம். ஐந்தாம் மாதம் எட்டயபுரம் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா விழுந்தார், அவ்வளவுதான். எழவு வீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, 'நட்சத்திரம் புடிச்ச புள்ள நீதானாம்மா? உங்கப்பா சொல்லாத நாளில்ல' என்றது. ஆமா என்றாள். வேறு என்ன சொல்வாள். பிணத்தை வைத்துக்கொண்டு பொய்யைப் பிரித்துக் காட்டவா முடியும். சென்னைக்குத் திரும்பி வந்ததும் தலைப்பை மாற்றிக்கொண்டாள். சிக்னல் வேண்டாம் சார், நான் இரைச்சலைப் பார்க்கிறேன் என்றாள். அதிலிருந்து லாரி, இடி, கதவு இவைதான் அவள் ஆராய்ச்சி. முந்நூறு வகை இரைச்சலுக்குப் பெயர் வைத்திருக்கிறாள், எல்லாமே உண்மை, ஒன்றும் அவளை ஏமாற்றியதில்லை.

ஆக, இந்த வருஷம் கவர் வைக்கிற முறை அவளுக்கு வந்தபோது பட்டனைத் தட்டவில்லை. தட்டக் கையைக் கொண்டுபோனாள், விரல் நின்றுவிட்டது. சீட்டில் ஏதாவது ஒரு சாதாரண மோதல் வரும், அவன் பிடிப்பான், கவரைப் பிரிப்பார்கள், ஓ பொய்யா என்பான், டீ குடிப்பான். அது எப்படிப் போதும். அவனுக்கு என்ன ஆசை என்று அவளைவிட யாருக்குத் தெரியும், அவன் தீசிஸை நாலு தடவை படித்தவள் அவள். பிடித்தவரைக்கூட அத்தனை கவனமாகப் படிக்கமாட்டோம், வெறுக்கிறவனைத்தான் வரி விடாமல் படிப்போம். நியூட்ரான் விண்மீன் ஒன்று சாய்ந்து சுழலும் பெரிய கருந்துளையில் போய் விழுந்தால், விழுவதற்கு முன்னால் அதன் பாதை ஓய்கிற பம்பரம் மாதிரி தலையாட்டும், அந்த ஆட்டம் சிக்னலில் இன்ன தாளத்தில் தெரியும் என்று அவன் எழுதியிருந்தான். இதுவரை யாரும் பார்த்ததில்லை. எட்டு வருஷமாக அவன் தேடுவது அதைத்தான். அதையே கொடுப்போம். அவன் ஆசைப்பட்டதை ஆசைப்பட்டபடியே, எடையும் சாய்வும் தூரமும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. குழுவின் பொது புரோகிராமை அவள் தொடவில்லை, அது யார் எப்போது ஓட்டினார்கள் என்று பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளும். தீசிஸின் எண்பத்துநாலாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஃபார்முலாவைப் பார்த்துப் பார்த்துத் தன் லேப்டாப்பில் தானே தனியாக எழுதினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த மூன்று ஞாயிறும் அவள் அத்தனை சுறுசுறுப்பாக இருந்தாள், துணி துவைத்தாள், பாட்டுக்கூடப் பாடியிருப்பாள். போன வாரச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் அறையிலிருந்து நாற்காலி உருளும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிக்கிட்டான். மறுநாள் முகம் வெளுத்துப்போய் வந்தான், சாப்பாட்டில் கை வைக்காமல் பிசைந்துகொண்டே இருந்தான். அவளுக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. சோறு மண் மாதிரி இருக்கும், ஆனாலும் பறப்பது மாதிரி இருக்கும். பற, நன்றாகப் பற. 'வீட்ல சொல்லிட்டீங்களா சார்?' என்று கேட்டாள், மோரை ஊற்றிக்கொண்டே. அவன் நிமிர்ந்து பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்தான், இல்ல என்றான். சொல்லாவிட்டால் என்ன, இன்றைக்கு எல்லாருக்கும் சொல்லப்போகிறாயே.

பக்கத்து நாற்காலியில் ரெஜினா வந்து உட்கார்ந்தாள், பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். இந்தத் தேடலில் கிரிதரனோடு வேலை பார்த்தவள் இவள். ஆறு வருஷம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி.க்கு வந்தவள், செண்பகாவைவிட ஏழு வயது மூத்தவள், நாலாம் வகுப்பு படிக்கிற மகள் இருக்கிறாள். தீசிஸின் கடைசி அத்தியாயம் இந்தத் தேடல்தான், டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். 'கையைப் பாருடி, ஐஸ் மாதிரி இருக்கு' என்று செண்பகாவின் கையைப் பிடித்தாள். கவரின் மேல் இருந்த கை. எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. 'ஒண்ணே ஒண்ணு சொல்லு. உள்ள ஒண்ணும் எழுதலதானே? தலையைக்கூட ஆட்ட வேண்டாம், கண்ணைச் சிமிட்டு போதும்.' செண்பகா கண்ணைச் சிமிட்டாமல் திரையைப் பார்த்தாள், கண் எரிந்தது. சட்டம் ரெஜினா, சட்டம். உன்னை யார் நடுவில் வரச் சொன்னது, நான் தைத்த சட்டை உனக்கா. 'எங்க வீட்டுக் குட்டி வேற கிளாஸ்ல போய் எங்கம்மா கருந்துளை கண்டுபிடிச்சிட்டாங்கன்னு சொல்லிருக்கு, டீச்சர் எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்களாம். வந்து சொல்றா, எனக்குத் திட்டவும் மனசு வரல.' சொல்லிவிட்டுச் சிரித்தாள். செண்பகாவின் வயிற்றில் இருந்த சூடு ஒரு நொடி அணைந்தது மாதிரி இருந்தது. கிளாஸ். கைதட்டு. ஹாரன் சத்தம். இல்லை, இது வேறு, குழந்தைகள் நாளைக்கே மறந்துவிடும், குழந்தைகளுக்கு நெஞ்சுவலி வராது, யாரும் செத்துப்போக மாட்டார்கள். அவள் அதை ஒதுக்கித் தள்ளினாள், அது திரும்பி வந்தது, மறுபடி தள்ளினாள். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்ய முடியுமா. அவன் பார்த்துப் பார்த்தா செய்தான். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. பஜ்ஜி வந்துவிட்டது, எண்ணெய் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. கவர் வைத்தவர்தான் பஜ்ஜி சொல்ல வேண்டும் என்பது வழக்கம், வாழைக்காய் நாற்பது, வெங்காயம் இருபது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சட்னி தனியாகக் கட்டச் சொல்ல மறந்துவிட்டாள்.

கிரிதரன் பேச ஆரம்பித்தான். குரல் சாதாரணமாக இருந்தது, அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. எத்தனை நாள் தரவு, எப்படித் தேடினோம், ஒரு ஊர்த் தரவை இன்னொரு ஊர்த் தரவோடு நேரத்தை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்து இப்படி ஒன்று தற்செயலாக வர எத்தனை வருஷம் ஆகும் என்று எப்படிக் கணக்குப் போட்டோம், எல்லாம். அந்தக் கணக்கில் ரெஜினாவின் உழைப்பு எவ்வளவு என்று பெயர் சொல்லிச் சொன்னான், ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு திரையில் அந்த வளைவு வந்தது, தலையாட்டிக்கொண்டே மேலேறும் வளைவு, அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். என் கையால் செய்தது. அழகாகத்தான் இருக்கிறது. எழுந்து நிற்கத் தயாராகக் கவரின் ஓரத்தை விரலால் நீவினாள். காகிதத்தை எப்படித் தூக்கிக் காட்ட வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், கண்ணாடி முன்னால் நின்றே பார்த்திருக்கிறாள். 'கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டே ரெண்டு ஸ்லைடு சார்' என்றான் கிரிதரன். 'சிக்னலைக் கண்டுபிடிச்சு அதைத் தரவுலேர்ந்து கழிச்சா வெறும் இரைச்சல்தான் மிஞ்சணும். போன வாரம் செவ்வாய்க்கிழமை கழிச்சுப் பார்த்தேன். ஒரு சின்ன அலை மிச்சம் இருந்துச்சு. ஒரு மணி நேரம் அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. என் தீசிஸ்ல எண்பத்துநாலாம் பக்கத்துல ஒரு ஃபார்முலா இருக்கு. அதுல ரெண்டால பெருக்கணும், நான் பெருக்காம விட்டுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, ஜர்னல்ல நாலு வரி திருத்தம் போட்டேன். யாரும் படிச்சிருக்க மாட்டீங்க.' யாரோ லேசாகச் சிரித்தார்கள். செண்பகா சிரிக்கவில்லை. திருத்தமா. நாலு தடவை படித்தாளே, தீசிஸைத்தான் படித்தாள், நாலு வரித் திருத்தத்தை யார் தேடிப்போய்ப் படிப்பார்கள். 'அந்தப் பழைய தப்பான ஃபார்முலாவைப் போட்டுக் கழிச்சேன்.' அடுத்த படம் வந்தது. மிச்சம் ஒன்றுமே இல்லை, தட்டையான இரைச்சல், அவளுக்குப் பெயர்கள்கூடத் தெரிந்த நல்ல இரைச்சல். 'நான் பண்ணின தப்பை வானம் பண்ணாது சார்' என்றான்.

சாம்பசிவம் சார் கண்ணாடியைக் கழற்றினார். 'கம்ப்யூட்டர் சீட்டுல இது வருமாப்பா?' வராது சார், நம்ம புரோகிராம்ல திருத்தினதுதான் இருக்கு, இது யாரோ தனியா உட்கார்ந்து எழுதினது என்றான் கிரிதரன். இருபத்திரண்டு பேரும் திரும்பவில்லை, ஆனால் திரும்பியது மாதிரிதான் இருந்தது. 'கவரைப் பிரிம்மா' என்றார் சார். பிரித்தாள். ஓரம் கோணலாகக் கிழிந்தது. எழுந்து நின்று, எடை, சாய்வு, தூரம், நேரம் என்று வாசித்தாள், தன் கையெழுத்துத்தான், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி வந்தது. 'சீட்டுப் போட்டியா?' போடல சார். பொய் சொல்ல வாய் வந்தது, திரையில் அந்தப் படம் இருக்கும்போது எதற்கு என்று இருந்தது. 'அப்படின்னா இந்தத் தேடல் செல்லாது. புதுசா கவர் வச்சு மொதல்லேர்ந்து தேடணும். நாலு மாசம்' என்றார் அவர், யாரையும் பார்க்காமல். கிரிதரன் ரெஜினாவிடம், 'மன்னிச்சிரு ரெஜினா, கவர் பிரிக்கிற வரைக்கும் நானும் சொல்லக் கூடாது' என்றான். ரெஜினா செண்பகாவை அண்ணாந்து பார்த்தாள். 'ஒம்பது நாளா எங்கூட உட்கார்ந்து சாப்பிட்டியேடி' என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாட்டிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கிரிதரன் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவளருகே வந்தான். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, தூங்காத கறுப்பு. 'யாருன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, கவர் உன்னோடதுதானே. ஏன்னுதான் தெரியல. ஒம்பது நாளா யோசிச்சுப் பார்த்துட்டேன் செண்பகா. நான் உனக்கு என்ன பண்ணினேன்?' இதற்காகத்தான் நாலு வருஷம். இந்தக் கேள்விக்கு அவளிடம் இல்லாத பதிலா, குளிக்கும்போது, பஸ்ஸில், புரோகிராம் வரிசையில் காத்திருக்கும்போது சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில், பதினொரு நாள், மோர், அடடே, அப்பா, எட்டயபுரம் ஸ்டாண்டு, கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்பிள்ளை. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் அது அவன் செய்தது இல்லையே என்றும் இருந்தது, செய்தவன் அவன்தானே என்றும் இருந்தது. வாயைத் திறந்தாள்.

'நீங்க சிரிச்சீங்க சார்.'

அவளுக்கே அது சின்னதாகக் கேட்டது.

'எப்ப?' என்றான் கிரிதரன். கேலியாகக் கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.